திட்டினால் நீக்கிவிடுவார்களாம்

ஸ்ஃபாக்ஸ்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் ஹாஜருக்கு அம்மாவின் ஸலாம். இங்கே நானும் உன் அப்பாவும் இறைவன் கருணையால் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அந்த மாண்ட்ரீல் பனியில் நெஞ்சுச்சளி பிடிக்காமல், வேளாவேளைக்கு ஏதாவது சமைத்துச் சாப்பிட்டு, நல்லபடியாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொள்கிறேன். உடம்பு விஷயம் இதோடு முடிந்தது. மனசு விஷயத்துக்கு வந்தால், உன் மேல் எனக்கு இருக்கிற கோபத்துக்கு இந்தக் கடிதத்தை ஸலாம் சொல்லாமலே ஆரம்பித்திருக்க வேண்டும். மூன்று வாரமாக நீ போனை எடுக்கவில்லை. அதற்கு முன்னால் எடுத்தபோதும் நீ என்னிடம் மகளாகவா பேசினாய்? "உங்க கனவு என்னம்மா, அஞ்சு வருஷத்துல எங்க இருக்கணும்னு நினைக்கிறீங்க" என்று கேட்டாய். அஞ்சு வருஷம் கழித்தும் நான் இதே அடுப்படியில்தான் இருப்பேன், வேறு எங்கே போவேன்? அதனால்தான் கடிதம் எழுதுகிறேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

வீட்டுச் செய்தி சொல்கிறேன். இந்த வருஷம் ஆலிவ் காய்ப்பு மோசமில்லை, அப்பா தினமும் காலையில் தோப்புக்குப் போய்விட்டு மதியம் கையெல்லாம் கீறிக்கொண்டு வருகிறார். புது எண்ணெய் வந்தால் ஜாடிகளை வைக்கப் பின்னறை வேண்டும், ஆனால் பின்னறை முழுக்க ஆய்வக வேலையை விட்டுவிட்டு நீ சேர்ந்த கம்பெனியின் பெட்டிகள். கடல்பாசிப் பொடி, கடல்பாசிக் களிம்பு, கடல்பாசி ஷாம்பு. கோடை விடுமுறைக்கு வந்தபோது நீ எங்களை உட்காரவைத்து ஆளுக்கு ஒரு சின்னப் பையும் ஒரு தாளும் கொடுத்தாயே, அன்றிலிருந்து மாதம் தவறாமல் வருகின்றன. நான் விற்கப் பார்க்காமல் இல்லை. ஹம்மாமுக்குக் குளிக்கப் போகும்போது பையில் போட்டுக்கொண்டு போனேன். அங்கே தேய்த்துவிடுகிற மப்ரூக்கா ஒரு டப்பாவைத் திறந்து மோந்துவிட்டு, "நஸீஹா, இதை நான் யாருக்காவது தேச்சா அவங்க வீட்டுப் பூனை பின்னாலேயே வரும்" என்றாள். அப்பா பொடியைத் தண்ணீரில் கரைத்து எலுமிச்சை மரத்துக்கு ஊற்றினார், இலை எல்லாம் கொட்டிவிட்டது. நீ மரகதம் என்கிற படிக்கு உயர்ந்துவிட்டாய் என்று படம் அனுப்பியபோது அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "நான் பெத்தது பொண்ணுன்னு நினைச்சேன், கல்லா ஆயிட்டாளா" என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார், ஆனால் அன்று இரவு சாப்பிடவில்லை.

சரி, அதெல்லாம் நம் வீட்டுத் தொல்லை, நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் நீ உன் தலேந்தா அத்தையிடமும் அவர் மகள் கமரிடமும் கையெழுத்து வாங்கினாயே, அதுதான் வினை. அத்தைக்கு யாரையும் பிடிக்காது, உனக்கே தெரியும், உன் அப்பாவைக்கூடத் தம்பி என்பதால் சகித்துக்கொள்கிறவர். அவர் கையெழுத்துப் போட்டது பொடிக்காக இல்லை, உன் முகத்துக்காக. கமர் போட்டது அம்மா போட்டதால். அவளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறார்கள், மெத்தையும் போர்வையும் வாங்க அத்தை சேர்த்து வைத்திருந்ததில் மாதாமாதம் ஒரு பங்கு இந்தப் பெட்டிகளுக்குப் போகிறது. கமர் துறைமுகச் சாலையில் இருக்கிற கம்பெனி அலுவலகத்துக்குப் போய், எங்களுக்கு இனி வேண்டாம், நிறுத்திவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறாள். அங்கே வஹீத் என்று ஒருத்தன், உனக்குத் தெரிந்தவன்தான், உன் படத்தைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறவன், பல் தெரியச் சிரித்து, "நிறுத்தலாமே தங்கச்சி, தாராளமா நிறுத்தலாம். வருஷம் முடியட்டும். நீங்க புரோநோட்டு எழுதிக் குடுத்திருக்கீங்களே" என்றானாம். அந்தப் பையோடு வந்த தாளுக்கு அடியில் இணைத்திருந்த துண்டுகளெல்லாம் புரோநோட்டாம், ஹாஜர். ஒவ்வொரு மாதத்துக்கும் ஒன்று. நாங்கள் பை வாங்கிக்கொண்டதற்கு ரசீது என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டோம். மின்சார பில்லை வரி வரியாகப் பார்த்துச் சண்டை போடுகிற நான், மகள் நீட்டினாள் என்று கண்ணை மூடிக்கொண்டு போட்டேன்.

அன்று சாயங்காலமே அத்தை நம் வீட்டு முற்றத்தில் வந்து நின்றார். உட்காரவில்லை, தண்ணீர் கொடுத்தேன், தொடவில்லை. "உன் மக மாண்ட்ரீல்ல இருந்து வந்தது எங்களைப் பாக்கவா, எங்க கழுத்துல கயிறு மாட்டவா? பெத்த தாய் கழுத்துலயே மாட்டிட்டுப் போயிருக்கா, அப்புறம் எனக்கென்ன மரியாதை" என்று ஆரம்பித்தவர், பக்கத்து மாடிகளில் துணி காயப்போட்ட பெண்கள் எல்லாம் கையை நிறுத்திக் கேட்கிற வரை விடவில்லை. கடைசியில், "கமர் கல்யாணத்துக்கு நீங்க யாரும் வர வேண்டாம். உன் மக வந்தான்னா வாசல்லயே நிறுத்தித் திருப்பி அனுப்புவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். உன் அப்பா உள்ளே செருப்பைத் தேடுவதுபோல் குனிந்தே இருந்தார், அவர் அக்காவை எதிர்த்து என்றைக்குப் பேசினார்? நான் அப்போதே உன்னைக் கூப்பிட்டேன், நானும் அத்தையும் கமரும் மூன்று பேரும் விலகப்போகிறோம் என்றேன். நீ என்ன செய்தாய்? "அம்மா, தயவு செஞ்சு இந்த வருஷம் மட்டும் யாரும் விலகாதீங்க, எனக்காக" என்று அழுதாய், காரணம் கேட்டேன், வைத்துவிட்டாய். அதற்கப்புறம் எடுக்கவே இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. மரகதத்திலிருந்து இறங்கிவிடுவோம் என்றுதான் அழுகிறாள், பெற்ற தாயைவிட அந்தக் கல் பெரிதாகிவிட்டது என்று நினைத்தேன். நினைத்ததை மறைக்க மாட்டேன், அப்பாவிடம் சத்தமாகவே சொன்னேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை கமர் தன் அம்மாவுக்குத் தெரியாமல் வந்தாள். நாங்கள் கையெழுத்துப் போட்ட தாள் அரபியில் ஒரே பக்கம்தானே, அதன் கடைசி வரியில் 'பொது நிபந்தனைகளைப் படித்து ஒப்புக்கொள்கிறேன்' என்று பொடி எழுத்தில் இருக்கிறதாம். அந்தப் பொது நிபந்தனைகள் தாளில் இல்லை, கம்பெனியின் வலைப்பக்கத்தில் பிரெஞ்சில் இருக்கின்றன. கமர் அதைக் கடையில் அச்செடுத்து வந்திருந்தாள், நல்ல தடிமன். "மாமி, எனக்குப் படிச்சா தலை சுத்துது, நீங்க பாருங்க" என்று கொடுத்துவிட்டு ஓடிவிட்டாள். நான் கூஸ்கூஸை ஆவியில் வைத்துவிட்டு அடுப்புப் பக்கத்திலேயே உட்கார்ந்து படித்தேன். பாதி புரியவில்லை. ஆனால் ஒரு இடம் நன்றாகவே புரிந்தது. யாராவது வருஷம் முடியும் முன் தானாக விலகினால், அவரைச் சேர்த்ததற்காக இதுவரை கொடுத்த கமிஷனை, சேர்த்துவிட்டவரிடமிருந்தே திரும்ப எடுப்பார்களாம், விலகியவர் வாங்காமல் விட்ட பெட்டிகளுக்கும் சேர்த்துவிட்டவர்தான் பொறுப்பாம். திரும்பத் திரும்பப் படித்தேன். சேர்த்துவிட்டவர் என்றால் நீ. நாங்கள் மூன்று பேரும் விலகினால் அந்த ஊரில் தனியாக இருக்கிற உன் தலையில் விழும். அதற்குத்தான் அழுதாயா? கீழ்ப்பானையில் தண்ணீர் வற்றித் தீய்ந்த வாசனை தெருவுக்கே போய், அப்பா ஓடிவந்து அடுப்பை அணைத்தார், நான் அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏன் ஹாஜர் சொல்லவில்லை? உனக்கே சேர்ந்த பிறகுதான் தெரிந்ததா? மரகதம், மாணிக்கம் என்று படம் அனுப்பத் தெரிந்தது, அம்மா நான் மாட்டிக்கொண்டேன் என்று ஒரு வரி அனுப்பத் தெரியவில்லையா? நான் என்ன உன்னைத் தூக்கில் போட்டுவிடுவேனா? இதுதான் எனக்கு எல்லாவற்றையும் விடப் பெரிய எரிச்சல்.

மறுநாள் காலையில் நான் வெட்கத்தை விட்டு அத்தை வீட்டுக்குப் போனேன். கதவைப் பாதி திறந்து, "என்ன, இன்னும் ஏதாவது கையெழுத்துப் போடணுமா?" என்று கேட்டார். "மதினி, திட்டுறதை உள்ள வந்ததும் திட்டுங்க, முதல்ல இதைக் கேளுங்க" என்றேன். கமர் அந்த இடத்தைப் படித்து அரபியில் சொன்னாள். அத்தை அந்தத் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அப்ப அந்தப் பொண்ணு கழுத்துலயும் கயிறுதானா" என்றார். உன் பேரைச் சொல்லவில்லை, அந்தப் பொண்ணு என்றுதான் சொன்னார், ஆனால் குரல் இறங்கிவிட்டது. உடனே சரியாகிவிட்டது என்று நினைக்காதே, "மூளையைப் பனியில விட்டுட்டாளா, படிச்ச கழுதை" என்று அடுத்த மூச்சிலேயே ஆரம்பித்தார். விலகினால் உனக்கு நஷ்டம், இருந்தால் கமருக்கு நஷ்டம். அத்தைதான், "முழுசையும் படி, எந்த ஓட்டையும் விடாம படி" என்று கமரிடம் சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு பட்டாணி உரித்தார். கமர் படித்துக்கொண்டே போனாள், பொருளைத் திருப்பி அனுப்பும் விதி, வேறு கம்பெனியில் சேரக் கூடாத விதி, வழக்குப் போட வேண்டுமானால் ஏதோ தீவுக்குப் போய்ப் போட வேண்டிய விதி. அப்புறம் இது வந்தது. உறுப்பினர் யாராவது மற்ற உறுப்பினர்கள் முன்னிலையில் கம்பெனியையோ பொருளையோ இழிவாகப் பேசினால் கம்பெனி அவரை நீக்கும், நீக்கிய நாளோடு எல்லா வரவுசெலவும் முடிந்தது, அவர் பேரில் அவருக்கோ அவரைச் சேர்த்தவருக்கோ கொடுக்கவும் ஒன்றுமில்லை, அவர்களிடமிருந்து வாங்கவும் ஒன்றுமில்லை. அத்தை கண்ணைத் திறந்தார். "அதைத் திரும்பப் படி." கமர் படித்தாள். கமிஷன் கொடுக்காமல் துரத்துவதற்காக எழுதியிருக்கிறார்கள் மாமி, ஆனால் வாங்கவும் ஒன்றுமில்லை என்று அவர்களே எழுதிவிட்டார்கள் என்றாள். நாமாக விலகினால்தான் உனக்கு அடி, அவர்கள் துரத்தினால் இல்லை. அத்தை பட்டாணித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "திட்டினா நீக்கிருவானுங்களா? இத்தனை வருஷமா நான் சும்மாதானே திட்டிட்டிருந்தேன்" என்றார்.

மாதக் கூட்டம் அடுத்த சனிக்கிழமை, ஹோட்டல் மண்டபத்தில். அப்பா வேனில் கொண்டுபோய் விட்டார், உள்ளே வரமாட்டேன் என்று வாசலில் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டு நின்றுவிட்டார். உள்ளே என்ன பாட்டு, என்ன கைதட்டல், கல்யாண வீடு தோற்றுவிடும். வஹீத் பளபளக்கிற கோட்டில் மேடையில் குதித்துக்கொண்டிருந்தான். நீயும் இப்படி ஒரு மேடையில் குதித்திருப்பாய் என்று நினைத்துக்கொண்டேன். தங்கள் அனுபவத்தைச் சொல்ல விரும்புகிறவர்கள் வாருங்கள் என்றான். அத்தை கையைத் தூக்கினார். மரகதத்தின் அத்தை என்று அவனே கைகொடுத்து மேடை ஏற்றினான், பாவி. அத்தை மைக்கை வாங்கி, முக்காட்டைச் சரி செய்துகொண்டு, நிதானமாகப் பேசினார். "இந்தப் பொடியைச் சாப்பிட்டா இளமை திரும்பும்னு சொன்னாங்க. திரும்பிருச்சு. பதினாறு வயசுல எவ்வளவு முட்டாளா இருந்தேனோ, அதே முட்டாளா ஆயிட்டேன். எங்கப்பா கெர்கென்னாத் தீவுல மீன் பிடிச்சவரு. வலையில சிக்குற இந்தப் பாசியைத் திட்டிக்கிட்டே உதறிப் போடுவாரு. உதறிப் போட்டதை டப்பாவுல அடைச்சு அவரு மகளுக்கே வித்த மகராசன் இவந்தான், நல்லாப் பாத்துக்குங்க." மண்டபத்தின் பின்வரிசையில் யாரோ பொத்துக்கொண்டு சிரித்தார்கள், அவ்வளவுதான், எல்லாரும் சிரித்தார்கள்.

ஆனால் வஹீத் லேசுப்பட்டவன் இல்லை. மைக்கைப் பிடுங்கவில்லை, கோபப்படவில்லை, அத்தை தோளில் கை போட்டு, "பெரியம்மா மனசு கஷ்டத்துல பேசுறாங்க, நம்ம குடும்பம் பெரிய மனசுக் குடும்பம், மன்னிச்சிட்டோம்" என்றான். கைதட்டச் சொன்னான், தட்டினார்கள்! அத்தை கையைத் தட்டிவிட்டு, "மன்னிக்க நீ யாருடா? நான் உன்னை மன்னிச்சேனா?" என்று கத்தினார், அவன் இன்னும் சிரித்தான். அப்போது நான் மேடை ஏறினேன். நான் ஏறுவேன் என்று நானே நினைக்கவில்லை. எனக்கு அத்தை மாதிரித் திட்ட வராது. "என் மக ஞாயித்துக்கிழமை கூப்பிட்டு, அம்மா மீனுக்கு எவ்வளவு சீரகம் போடணும்னு கேப்பா. இப்ப உங்க கனவு என்னன்னு கேக்குறா. எனக்கு என் மகளைத் திருப்பிக் குடுங்க, பொடியை நீங்களே வச்சுக்குங்க" என்றேன், மைக்கைக் கமரிடம் கொடுத்துவிட்டேன். நான்கு பேர் முன்னால் பேசினாலே காது சிவந்துவிடுகிற கமர், கைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து, விலகினால் சேர்த்தவர் தலையில் விழுகிற அந்த இடத்தை அரபியில் நிறுத்தி நிறுத்திப் படித்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. முன்வரிசையில் ஒரு அம்மா எழுந்து, "இது எங்க காகிதத்துலயும் இருக்கா?" என்று கேட்டார். "எல்லாருக்கும் ஒரே காகிதம்தான்" என்றாள் கமர். அந்த அம்மா பக்கத்தில் இருந்த தன் மகளைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் மறக்க மாட்டேன். இன்னொருத்தி, அடுத்த பக்கத்தையும் படி என்றாள். அப்போதுதான் வஹீத் முகம் மாறியது. "நிறுத்துங்க! நீங்க மூணு பேரும் இந்த நிமிஷத்துலயிருந்து வெளியே, நீக்கியாச்சு!" என்று தொண்டை கிழியக் கத்தினான். அத்தை அசையவே இல்லை. "வாயால சொன்னா காத்துல போயிரும். எழுதிக் குடு, முத்திரை போட்டுக் குடு, அதுவரைக்கும் இவ படிப்பா" என்றார். கமர் படித்துக்கொண்டே இருந்தாள், அவன் ஹோட்டல் தாளிலேயே எழுதி முத்திரை குத்திக் கொடுத்தான். வெளியே வந்தபோது அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார், சிரித்தா அழுதா என்று தெரியவில்லை, ஒலிபெருக்கியில் எல்லாம் கேட்டதாம். "எங்கக்கா வாய்க்கு இன்னைக்குத்தான் சரியான வேலை கிடைச்சுது" என்றார். புதன்கிழமை அந்த அலுவலகத்துக்குப் போய் மிச்சமிருந்த புரோநோட்டுகளையும் வாங்கி அங்கேயே கிழித்துப் போட்டோம். ஏற்கெனவே போனது போனதுதான், அதைத் தர மாட்டார்களாம், கமருக்கு இரண்டு போர்வை குறைவு. நான் நம் வீட்டிலிருந்து தருகிறேன் என்றேன், அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார், ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆகவே எங்கள் பேரில் உன் தலையில் ஒன்றும் இல்லை, அந்த முத்திரைத் தாளைக் கமர் படமெடுத்து உனக்கு அனுப்புவாள், பத்திரமாக வை. இனி உன்னைப் பற்றி. இதைப் படித்துவிட்டு நீயும் நாளைக்கே ஒரு மேடையில் ஏறிவிடாதே. அந்த ஊர்க் காகிதம் வேறாக இருக்கும், அங்கே வாய் திறந்தால் வழக்குப் போடுகிறவர்களாகவும் இருப்பார்கள். முதலில் முழுசையும் உட்கார்ந்து படி, ஓட்டை விடாமல் படி, பல்கலைக்கழகத்தில் இலவசமாகச் சட்டம் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று நீதானே ஒருமுறை சொன்னாய், அவர்களிடம் கொண்டுபோய்க் காட்டு, அப்புறம் செய். உனக்குக் கீழே அங்கேயும் யாரையாவது சேர்த்திருந்தால் அவர்களிடம் நீயே போய்ச் சொல், தாளை எடுத்துக்கொண்டு போய்ச் சொல், திட்டினால் வாங்கிக்கொள். விட்டுவந்த ஆய்வகத்தில் திரும்பக் கேட்டுப் பார், கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. போனை எடு. என்னிடம் கணக்குச் சொல்ல வேண்டாம், எடுத்து இருமினாலும் போதும், அப்பா ஸ்பீக்கரில் கேட்டுவிட்டுத் தூங்குவார்.

கல்யாணத்துக்கு உன்னைக் கூப்பிடலாமா என்று நேற்று அத்தையிடம் கேட்டேன், பயந்துகொண்டேதான் கேட்டேன். "கூப்பிடாதே. கூப்பிட்டா வரலாமா வேண்டாமான்னு யோசிக்க ஆரம்பிச்சிருவா. அவளுக்குத் துணி எடுத்துத் தைக்கக் குடுத்தாச்சு, கோடையில பாத்த அளவுதான். அங்க சாப்பிடாம இளைச்சுப் போயிருந்தா சொல்லச் சொல்லு, தையக்காரி தைச்சு முடிக்கிறதுக்குள்ள" என்றார். ஆகவே மறக்காமல் தோளளவும் இடுப்பளவும் அனுப்பு. அல்லாஹ் உன்னைக் கண்ணுக்குக் கண்ணாகக் காக்கட்டும், உன் வழியிலிருக்கும் முள்ளை அவனே எடுத்துப் போடட்டும், ஆமீன்.

இப்படிக்கு,
இன்னும் கோபம் தீராத உன் அம்மா
நஸீஹா